குர்ட் வால்ட்ஹைம் போரின்போது என்ன செய்தார், எதை மறைத்தார்?

தாமிரபரணி:

வணக்கம். பத்தாம் வகுப்பு படிக்கும் என் மகள் வாயேஜர் விண்கலம் பற்றிப் பள்ளியில் பேசப் போகிறாள். 1977ல் அதில் வைத்து அனுப்பிய தங்க முலாம் தட்டில் பூமியில் இருக்கும் நம் எல்லார் சார்பிலும் வாழ்த்துச் சொல்பவர் அன்றைய ஐ.நா. பொதுச்செயலாளர் குர்ட் வால்ட்ஹைம். அவர் யாரென்று தேடிப் பார்த்தவள், போன வாரம் சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது "இவர் நாஜியாப்பா?" என்று கேட்டாள். பார்த்துச் சொல்றேம்மா என்றேன். அன்றிலிருந்து படிக்கிறேன். ஒருவர் அவரைக் கொலைகாரர் என்கிறார், இன்னொருவர் நல்ல மனிதரைத் தேர்தல் நேரத்தில் பழி சுமத்திக் கெடுத்துவிட்டார்கள் என்கிறார். இரண்டையும் என்னால் நம்ப முடியவில்லை. விவரம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள், பிள்ளைக்குத் தப்பாகச் சொல்லிவிடக் கூடாது.

பழுப்புக்காகிதம்:

அவர் தன்னைப் பற்றிச் சொல்லிக்கொண்டதிலிருந்து தொடங்குங்கள், அதுதான் சுலபம். 1941 டிசம்பரில் ரஷ்யப் போர்முனையில் காலில் காயம்பட்டது, அதோடு போர் முடிந்தது, வியன்னாவுக்குத் திரும்பிச் சட்டம் படித்தேன், இதுதான் அவர் கதை. 1985ல் வந்த தன் நினைவுக் குறிப்பிலும் இப்படித்தான் புரிந்துகொள்ளும்படி எழுதியிருந்தார். படிப்பு உண்மை, 1944ல் முனைவர் பட்டம் வாங்கினார். ஆனால் அது விடுப்பில் வந்து முடித்த படிப்பு. 1942 வசந்தத்திலிருந்து போர் முடியும்வரை அவர் பால்கனில் பணியில் இருந்தார், அந்த மூன்று வருடத்தைத்தான் கதையிலிருந்து எடுத்துவிட்டார்.

1942 கோடையில் மேற்கு போஸ்னியாவின் கோஸாரா மலைப் பகுதியில் கெரில்லாக்களை ஒடுக்குகிறோம் என்று ஊர் ஊராகக் காலி செய்து, பெண்கள் குழந்தைகள் உட்பட ஆயிரக்கணக்கானவர்களை முகாம்களுக்கு ஓட்டிப் போனார்கள். அதைச் செய்த படைப்பிரிவின் தலைமையகத்தில் வழங்கல் பிரிவில் இருந்தார் வால்ட்ஹைம். அதற்குப் பிறகு நாஜிகளின் கூட்டாளியான குரோஷிய உஸ்தாஷா அரசு கொடுத்த பதக்கப் பட்டியலில் அவர் பெயரும் இருக்கிறது. 1943 மே மாதம் போட்கோரிட்சா விமான தளத்தில் நாஜிகளின் எஸ்.எஸ். படைத் தளபதி ஆர்துர் ஃப்ளெப்ஸ், ஓர் இத்தாலியத் தளபதி ஆகியோரோடு அவர் நிற்கும் படம்தான் பின்னால் உலகம் முழுக்கப் பத்திரிகைகளில் வந்தது. 1943 அக்டோபரிலிருந்து கிரீஸில் தெசலோனிக்கி நகருக்கு மேலே அர்சாக்லி என்ற மலைக் கிராமத்தில், ஜெனரல் அலெக்சாண்டர் லோர் தலைமையகத்தின் உளவுப் பிரிவில் வேலை. இந்த லோரைத்தான் 1947ல் யூகோஸ்லாவியா போர்க்குற்றவாளி என்று விசாரித்து மரண தண்டனை கொடுத்துக் கொன்றது.

காலையும் மாலையும் எதிரி நிலவரம் பற்றி அறிக்கை தொகுப்பது, அதில் கையொப்பம் இடுவது, அதிகாரிகளுக்கு விளக்குவது, இதுதான் வால்ட்ஹைமின் அன்றாட வேலை. சுடச் சொல்லி உத்தரவு போடும் அதிகாரம் அவருக்கு இல்லை. ஆனால் எந்த ஊர்ப் பக்கம் கெரில்லாக்கள் நடமாடுகிறார்கள் என்று சொல்லும் காகிதம் அவர் மேசையைத் தாண்டித்தான் போகும், அதை வைத்துத்தான் அடுத்த நடவடிக்கை.

கொங்கன்:

இதில் எனக்கு உடன்பாடில்லை, சொல்லிவிடுகிறேன். 1918 கடைசியில் பிறந்தவர், அப்போது 23, 24 வயது. கட்டாயப் படைச்சேவை. அவருடைய அப்பாவை நாஜிகளுக்கு எதிரானவர் என்று அவர்களின் ரகசியப் போலீஸான கெஸ்டபோ பிடித்துப்போனது, அந்த வீட்டுப் பையன் பத்திரமாக இருக்கத்தான் எஸ்.ஏ. என்ற நாஜி அடியாள் படையின் குதிரைப் பிரிவிலும் நாஜி மாணவர் சங்கத்திலும் பெயர் கொடுத்தான் என்று ஏன் எடுத்துக்கொள்ளக் கூடாது? கீழ்நிலை அதிகாரி ஒருவர் அறிக்கை எழுதினார் என்பதற்காகக் கொலைப்பழி போடுவது நியாயமே இல்லை. 1988 பிப்ரவரியில் வந்த பன்னாட்டு வரலாற்றாளர் குழுவின் அறிக்கையும் அவர் நேரடியாகப் போர்க்குற்றம் செய்ததற்கு ஆதாரம் இல்லை என்றுதானே சொன்னது? நாஜிகளைத் தேடிப் பிடிப்பதற்கே வாழ்க்கையைக் கொடுத்த சைமன் வீசந்தாலே அவரைப் போர்க்குற்றவாளி என்று சொல்ல மறுத்தார். அந்த மனிதரைவிட இதில் அக்கறை உள்ளவர் யார்?

பழுப்புக்காகிதம்:

கொங்கன், கொலைப்பழி நானும் போடவில்லை, அந்த வயதில் அந்த வீட்டில் பிறந்திருந்தால் நான் என்ன செய்திருப்பேன் என்று எனக்கும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டு பேரையும் முழுசாகப் படிக்க வேண்டும். அந்தக் குழு குற்றச் செயலுக்கு ஆதாரம் இல்லை என்றதோடு நிறுத்தவில்லை. நடந்த அட்டூழியங்கள் அவருக்கு நன்றாகத் தெரியும், தடுக்க எதுவும் செய்யவில்லை, பிறகு அந்தக் காலத்தை மறக்கடிக்கப் பார்த்தார், அது முடியாதபோது ஒன்றுமில்லாததுபோல் காட்டினார் என்றும் சொன்னது. வீசந்தாலும் தெசலோனிக்கி யூதர்கள் பற்றி எதுவுமே தெரியாது என்ற பேச்சை ஏற்கவில்லை.

1943 மார்ச்சிலிருந்து ஆகஸ்ட் வரை அந்த ஊரிலிருந்து 45,000 பேருக்கு மேல் ரயிலில் ஏற்றி அனுப்பினார்கள், பெரும்பாலும் ஆஷ்விட்ஸ் கொலை முகாமுக்கு. அந்த மாதங்களில் அவர் பெரும்பாலும் டிரானா, ஏதென்ஸ் என்று வேறு இடங்களில்தான் இருந்தார், இதை அவருக்குச் சாதகமாக எடுத்துக்கொள்ளலாம், சரி. ஆனால் 1944ல் கோர்ஃபு, ரோட்ஸ் தீவுகளிலிருந்து யூதர்களை அனுப்பியபோது அவர் அர்சாக்லியில்தான் இருந்தார். அதே 1944 மே மாதம் பழிவாங்கும் நடவடிக்கைகள் எவ்வளவு கடுமையாக இருந்தும் பலன் தரவில்லை, மக்களின் வெறுப்பைத்தான் கூட்டுகின்றன என்று ஓர் அறிக்கை அவருடைய பிரிவிலிருந்து அவர் கைப்படப் போயிருக்கிறது. என்னை அதிகம் தொந்தரவு செய்வது அந்தக் காகிதம்தான். அதை எழுதியவருக்கு மனசாட்சி இருந்தது என்று நீங்கள் சொன்னால் மறுக்க மாட்டேன். ஆனால் அப்படி எழுதத் தெரிந்த மனிதர் நாற்பது வருடம் கழித்து எனக்கு ஒன்றும் தெரியாது என்று சொன்னால் அதை எப்படி ஏற்பது?

வியன்னாவாசி:

இங்கே பதினொரு வருடமாக இருக்கிறேன், 1986 பற்றி வயதானவர்களிடம் பேச்செடுத்தால் இப்போதும் குரல் உயர்ந்துவிடும். அந்த மார்ச்சில் இங்குள்ள ப்ரோஃபில் வார இதழில் ஹுபெர்டுஸ் செர்னின் அவருடைய போர்க்காலத்தைப் பற்றி எழுதியதும், மறுநாளே நியூயார்க் டைம்ஸில் வந்ததும், உலக யூதக் காங்கிரஸ் ஆவணங்களை ஒவ்வொன்றாக வெளியிட்டதும் வால்ட்ஹைம் போட்டியிட்ட ஆஸ்திரியக் குடியரசுத் தலைவர் தேர்தலுக்கு முன்பு நடந்தவை. வால்ட்ஹைம் கொடுத்த பதில், லட்சக்கணக்கான ஆஸ்திரியர்களைப் போல நானும் என் கடமையைத்தான் செய்தேன் என்பது. கேட்டவர்களுக்கு அது அவரைப் பற்றிய பேச்சாக இல்லாமல் தங்கள் அப்பாவைப் பற்றிய பேச்சாகிவிட்டது. ஹிட்லருக்கு முதலில் பலியானது நாங்கள் என்று நேச நாடுகளின் 1943 மாஸ்கோ பிரகடனத்தை வைத்துக்கொண்டு வாழ்ந்த நாடு, யாருடைய படையில் என்ன கடமை என்று யாரும் வீட்டில் கேட்டதில்லை. ஜூன் 8ல் 53.9 சதவீத வாக்கோடு ஜெயித்தார். மறுநாள் பிரதமர் சினோவாட்ஸ் பதவி விலகினார். அடுத்த ஏப்ரலில் அமெரிக்கா அவரை நாட்டுக்குள் விடக்கூடாதவர் பட்டியலில் சேர்த்தது, சாகும்வரை அந்தத் தடை நீங்கவில்லை.

வால்ட்ஹைம் எஸ்.ஏ.வில் இல்லை, அவர் குதிரைதான் இருந்தது என்று வைத்துக்கொள்வோம் என்று சினோவாட்ஸ் சொன்னதை வைத்து, எதிர்ப்பாளர்கள் பெரிய மரக்குதிரை ஒன்று செய்து வால்ட்ஹைம் போகும் இடமெல்லாம் கொண்டுபோனார்கள். ஹோஃப்பர்க் அரண்மனையில் இருக்கும் ஆஸ்திரிய வரலாற்று அருங்காட்சியகத்தில் அதை இப்போதும் பார்க்கலாம். பள்ளிப் பிள்ளைகள் அதன் கீழே நின்று வாத்தியார் சொல்வதைக் கேட்டுக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன், கண் கலங்கிவிட்டது. 1991 ஜூலையில் பிரதமர் வ்ரானிட்ஸ்கி நாடாளுமன்றத்தில் எழுந்து, ஆஸ்திரியர்களும் அந்தக் குற்றங்களில் பங்கெடுத்தார்கள் என்று முதல்முறையாக ஒப்புக்கொண்டதற்கு இந்தச் சண்டைதான் வழிவிட்டது என்பது என் எண்ணம்.

தாமிரபரணி:

எல்லாருக்கும் நன்றி. ஒன்றே ஒன்று. பத்து வருடம் ஐ.நா.வின் தலைமையில் இருந்தவரைப் பற்றி அதற்கு முன்பு யாருக்குமே தெரியாதா? அது எப்படி முடியும்?

பழுப்புக்காகிதம்:

காகிதம் இருந்தது. 1947 டிசம்பரில் யூகோஸ்லாவியா அவர்மேல் குற்றச்சாட்டு எழுதியது, 1948ல் போர்க்குற்றங்களுக்கான நேச நாடுகளின் ஆணையம் அவரை விசாரிக்க வேண்டியவர் பட்டியலில் 'ஏ' பிரிவில் சேர்த்தது. அந்தக் குற்றச்சாட்டில் அரசியல் கலந்திருந்தது, சாட்சியமும் பலவீனம், அதை மட்டும் வைத்து நான் யாரையும் குற்றவாளி என்று சொல்ல மாட்டேன். ஆனால் ஆணையத்தைக் கலைத்த பிறகு அதன் கோப்புகளை ஐ.நா.விடம்தான் ஒப்படைத்தார்கள். 1972 முதல் 1981 முடியும்வரை அவர் பொதுச்செயலாளராக இருந்த காலம் முழுக்க அவர் பெயர் போட்ட கோப்பு நியூயார்க்கில் அவருடைய நிறுவனத்தின் ஆவணக் காப்பகத்திலேயே பூட்டிக் கிடந்தது. அரசுகள் கேட்டால்தான் எடுத்துக் கொடுப்பார்கள். 1986 வரை அதை யாரும் வெளியே கொண்டுவரவில்லை.