கடைசிப் படகு கிளம்பும் முன்: தீவு டாக்டரோடு எங்கள் அனுபவங்கள்

ஓய்வு பெற்ற டாக்டர்

ஒரு தீவில் 22 வருடம் இருந்தேன். சுமார் 900 பேருக்கு நான் ஒருவன்தான் டாக்டர். பிரசவம், பல்வலி, முதியவர்களின் சர்க்கரை, பிள்ளைகளின் தடுப்பூசி, கடைசியில் இறப்புச் சான்றிதழ் என எல்லாமே என் மேசைக்குத்தான் வரும். அதையெல்லாம் விட்டுவிட்டு முதலில் படகைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன்.

நகரத்து ஆஸ்பத்திரியில் பயிற்சி எடுத்த காலத்தில், ஒருவர் வந்து உட்கார்ந்தால் ‘என்ன நோய்?’ என்றுதான் மனம் தேடும். தீவுக்குப் போன முதல் வருடத்திலேயே அந்தக் கேள்வி பின்னுக்குப் போய்விட்டது. ‘இவரை இன்றைக்கே கரைக்கு அனுப்பவா, வைத்துக்கொள்ளவா?’ இதுதான் முதல் கேள்வி. கடைசிப் படகு பிற்பகல் 3 மணிக்கு. அதற்குப் பிறகு காற்று எழும்பிவிட்டால் மறுநாள் படகு வருமா என்று யாராலும் சொல்ல முடியாது. நோய் இன்னும் முகத்தைக் காட்டாத நேரத்திலேயே முடிவெடுத்தாக வேண்டும்.

ஒரு நாள் 2 மணி வாக்கில் ஒரு பாட்டி 11 வயதுப் பேரனைக் கூட்டிக்கொண்டு வந்தார். காலையிலிருந்து தொப்புளைச் சுற்றி வலி, ஒரு தடவை வாந்தி, காய்ச்சல் இல்லை. வயிற்றை அழுத்திப் பார்த்தேன். வலது பக்கம் கீழே லேசாக நெளிந்தான், அவ்வளவுதான். பெரிய ஆஸ்பத்திரி என்றால் ஆறு மணி நேரம் படுக்க வைத்து மறுபடி பார்க்கலாம். எனக்கு இருந்தது ஒரு மணி நேரம். ‘தம்பி, அந்தப் படியிலிருந்து குதி’ என்றேன். குதித்தான். குதிகால் தரையில் பட்டதும் முகம் சுருங்கியது, கை தானாக வலது அடிவயிற்றுக்குப் போனது. வயிற்றின் உள்சவ்வு புண்பட்டிருந்தால் உடம்பு குலுங்கும்போது அப்படித்தான் வலிக்கும். பாட்டியும் சொன்னார்: ‘பசியே தாங்க மாட்டான் டாக்டர், இன்னைக்கு ஒரு வாய்கூட வைக்கலை.’ அந்தப் பையனை அவன் பிறந்த நாளிலிருந்து எனக்குத் தெரியும். பாட்டி சொன்னது எனக்கு எந்த ரத்தப் பரிசோதனைக்கும் குறைந்ததாகத் தோன்றவில்லை.

படகை நிறுத்தி வைக்கச் சொல்லி ஏற்றினோம். அன்றிரவே அறுவை சிகிச்சை. குடல்வால் சீழ் கோத்து வீங்கியிருந்தது, வெடிக்கவில்லை. மறுநாள் காற்று ஆரம்பித்து 4 நாள் படகே இல்லை.

எப்போதும் இப்படி அமையாது. நெஞ்சுவலி என்று நான் அனுப்பிய ஒரு அம்மாவுக்கு வெறும் நெஞ்செரிச்சல் என்று சொல்லித் திருப்பி அனுப்பினார்கள். 3 நாள் கூலி போச்சு, வீட்டில் சின்னப் பிள்ளைகள். அவர் வீட்டுக்குப் போய் உட்கார்ந்து பேசினேன். வருத்தத்தைச் சொன்னேன். அதே வலியோடு மறுபடி வந்தால் மறுபடியும் அனுப்புவேன் என்பதையும் சொன்னேன்.

அனுப்பவே முடியாத இரவுகள்தான் கனமானவை. மாரடைப்பில், அடைபட்ட குழாயைப் பலூன் வைத்துத் திறக்கும் வசதி 120 நிமிடத்துக்குள் கிடைக்காது என்றால், ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசியை அங்கேயே போட வேண்டும். ஈசிஜியில் உறுதியானதிலிருந்து 10 நிமிடத்துக்குள் போட வேண்டும் என்பது இன்றைய வழிகாட்டுதல். அந்த ஊசியால் ஏறக்குறைய 100 பேரில் ஒருவருக்கு மூளையில் ரத்தக்கசிவு ஆகலாம். அதை அவருடைய மனைவியிடம் சொல்லிச் சம்மதம் கேட்க வேண்டும். முந்தின வாரம் ஒரு கல்யாணத்தில் அதே தம்பதிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். ஊசி போட்ட பிறகு விடியும்வரை கட்டில் பக்கத்திலேயே இருந்து ரத்த அழுத்தம் பார்த்துக்கொண்டிருப்பேன், வேறு போக்கு கிடையாது.

1933 மே 14 அன்று ஸ்காட்லாந்தின் ஐலா தீவிலிருந்து வயிற்றுப்புண் ஓட்டை விழுந்த ஒரு மீனவரைச் சிறிய விமானத்தில் ஏற்றிக் கரைக்குக் கொண்டுபோனார்கள். அங்கே விமான ஆம்புலன்ஸ் அப்படித்தான் தொடங்கியது. அந்தச் செய்தியை எப்போது நினைத்தாலும், அவரை ஏற்றிவிட்டுத் தீவில் நின்றுகொண்டிருந்த டாக்டரின் முகம்தான் என் கண்முன் வரும்.

மீனவர் மகள்

டாக்டர் எழுதியதைப் படித்ததும் எங்கள் தீவு டாக்டர் ஞாபகம் வந்துவிட்டது. அப்பாவின் உள்ளங்கையில் பெரிய தூண்டில் முள் ஏறிவிட்டது. எதிர்முள் உள்ளே மாட்டிக்கொண்டதால் இழுத்தால் சதை கிழியும். நான் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். டாக்டர் அப்பாவின் தூண்டில் நரம்பிலேயே ஒரு துண்டு கேட்டார். கொதிநீரில் போட்டு எடுத்து, முள்ளின் வளைவில் சுற்றி, இன்னொரு கை விரலால் முள்ளின் தண்டைத் தோலோடு அழுத்திப் பிடித்துக்கொண்டு, ‘இன்னைக்குக் கடல் எப்படிண்ணே?’ என்று கேட்டார். அப்பா பதில் சொல்ல வாயெடுத்தார், ஒரு வெட்டு இழுப்பு, முள் சுவரில் பட்டு விழுந்தது. அப்புறம் டெட்டனஸ் ஊசி.

ஆனால் நான் சொல்ல வந்தது வேறு. சித்தப்பா கடலில் போய்த் திரும்பாத வருடம், அப்பா பேசுவதை நிறுத்திவிட்டார். நாங்கள் துக்கம் என்றுதான் நினைத்தோம். யாரும் டாக்டரிடம் சொல்லவில்லை. 5 நாளாக எங்கள் படகு கரையிலேயே கிடப்பதைப் பார்த்துவிட்டு அவராகவே நடந்து வந்தார். பையில்லை, ஸ்டெதாஸ்கோப் இல்லை. அப்பாவோடு திண்ணையில் ஒரு மணி நேரம் இருந்தார். பாதி நேரம் இரண்டு பேரும் பேசவே இல்லை. கிளம்பும்போது நேராகக் கேட்டார்: ‘செத்துப் போயிடலாம்னு தோணுதாண்ணே?’ அப்பா அழுதார். சித்தப்பா போன பிறகு அவர் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். சிகிச்சை 8 மாதம் நடந்தது. அந்த 8 மாதமும் டாக்டர் தெருவில் எங்களைப் பார்த்தால் ‘நல்லா இருக்கீங்களா’ என்பதோடு நின்றுவிடுவார். அவ்வளவு சின்ன ஊரில் எங்கள் வீட்டு விஷயம் அவர் வாயிலிருந்து ஒருவர் காதுக்கும் போகவில்லை.

நர்ஸ்

ஒரு பிரசவம் மட்டும் சொல்கிறேன். புயல் இரவு, குழந்தை நன்றாகப் பிறந்தது, நஞ்சுக்கொடியும் வெளியே வந்துவிட்டது. அப்புறம் ரத்தம் நிற்கவில்லை. கருப்பை இறுகாமல் மாவு மாதிரி தொளதொளவென்று இருந்தது. கருப்பையை இறுக்கும் மருந்தான ஆக்ஸிடோசின் 10 யூனிட் ஏற்கெனவே போட்டாச்சு, மறுபடியும் சலைனில் கலந்து ஏற்றினோம், ரத்தப்போக்கைக் குறைக்க டிரானெக்ஸாமிக் அமிலம் 1 கிராம் போட்டோம். டாக்டர் ஒரு கையை உள்ளே முஷ்டியாக வைத்து, மறு கையால் வயிற்றுக்கு மேலிருந்து கருப்பையை நசுக்கிப் பிடித்தார். நான் நனைந்த துணிகளை எடை போட்டு எவ்வளவு ரத்தம் போகிறது என்று கூட்டிக்கொண்டே இருந்தேன். 35 நிமிடம். கையை எடுத்தால் போய்விடுவாள் என்று இருவருக்கும் தெரியும், வாய்விட்டுச் சொல்லவில்லை. பிறகு கருப்பை கல் மாதிரி இறுகியது. அவர் கையை வெளியே எடுத்ததும் விரல்கள் விரியவில்லை. நான்தான் ஒவ்வொன்றாக நீவிவிட்டேன்.

காலை 9 மணிக்கு வழக்கம் போலக் கிளினிக் திறந்தார். வெளியே 14 பேர் காத்திருந்தார்கள். அவருக்குப் பதில் உட்கார இன்னொருவர் இல்லை. இது எனக்குப் பெருமையாக இல்லை, கோபமாகத்தான் இருந்தது. ஒரு டாக்டரை மட்டும் வைத்துத் தீவை நடத்தக் கூடாது.

6 வாரம் மாற்று டாக்டராகப் போனவள்

நர்ஸ் அக்கா சொல்வது முழுக்க உண்மை. அப்படி ஒருவர் ஓய்வுக்குப் போன இடத்தில்தான் நான் போய் இருந்தேன். முதல் வாரமே ஒரு படகு வந்தது, அடுத்த வாரம் பள்ளியில் பாதிப் பிள்ளைகளுக்குச் சளி. 1846இல் ஃபாரோ தீவுகளில் தட்டம்மை புகுந்தபோது, சுமார் 7,800 பேரில் 6,000 பேர் வரை படுத்துவிட்டார்கள். டென்மார்க்கிலிருந்து போன பானும் என்ற இளம் டாக்டர், எந்தப் படகு என்றைக்கு எந்தக் கிராமத்துக்கு வந்தது என்று தேதி கேட்டுக் கேட்டே, தொற்றியதிலிருந்து தடிப்பு தெரிய 13, 14 நாள் ஆகும் என்று கண்டுபிடித்தார். 1781இல் தட்டம்மை கண்டு பிழைத்த முதியவர்களுக்கு, 65 வருடம் கழித்தும் அது மறுபடி வரவில்லை என்பதையும் கவனித்தார். நானும் அன்றிரவு செய்த முதல் வேலை, தடுப்பூசிப் பதிவேட்டை எடுத்து விடுபட்ட பிள்ளைகளைக் குறித்ததுதான். 7 பேர். எல்லோருக்கும் போட்டாச்சு.

எனக்கு நிஜமாக உதவியது அந்த டாக்டர் நோயாளிக் கோப்புகளின் ஓரத்தில் பென்சிலில் எழுதி வைத்திருந்த குறிப்புகள். ‘படிக்கத் தெரியாது, மாத்திரையை நிறம் சொல்லிக் கொடுக்கவும்.’ ‘மகன் பக்கத்தில் இருந்தால் உண்மையைச் சொல்ல மாட்டார்.’ ஒரு பாட்டியின் கோப்பில்: ‘இவர் வலி கொஞ்சம் என்றால் நிறைய என்று அர்த்தம்.’ நார்வேயில் 45 லட்சம் பேரின் பதிவுகளை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். ஒரே குடும்ப டாக்டரிடம் 15 வருடத்துக்கு மேல் போகிறவர்களுக்கு, சமீபத்தில் டாக்டர் மாறியவர்களைவிட, அவசரமாக ஆஸ்பத்திரியில் சேர்வதும் இறப்பதும் கால்பங்கு அளவுக்குக் குறைவாக இருந்தது. அது எப்படி நடக்கிறது என்று கேட்டால் நான் அந்தப் பென்சில் குறிப்புகளைத்தான் காட்டுவேன்.

ஓய்வு பெற்ற டாக்டர்

நானும் அப்படித்தான் எழுதி வைத்துவிட்டு வந்தேன் அம்மா. 900 கோப்பு, கடைசி 4 மாதம் இரவெல்லாம் அதே வேலை. எனக்குப் பிறகு இரண்டு பேரைப் போட்டிருக்கிறார்கள், அதில் எனக்கு நிறைந்த சந்தோஷம்.

நான் கிளம்பி வந்த மூன்றாவது வாரம் புது டாக்டர் போன் செய்தார். குரலில் தயக்கம். 2 மணி ஆகியிருந்தது. ஒரு பெரியவருக்கு முதுகுவலி, நாடி சரியாக இருக்கிறது, ரத்த அழுத்தமும் சரியாக இருக்கிறது, ‘ஒண்ணுமில்லை, காலையில் பார்த்துக்கலாம்’ என்கிறார் என்றார். பெயரைக் கேட்டேன். 22 வருடத்தில் அந்த மனிதர் தானாக ஒருமுறைகூடக் கிளினிக் படி ஏறியதில்லை.

‘யார் கூட்டிக்கிட்டு வந்தாங்க?’ என்று கேட்டேன்.

‘யாரும் இல்லை சார், அவரேதான் நடந்து வந்தார்.’

‘படகை நிறுத்தச் சொல்லுங்க’ என்றேன்.