டோர் ரிலே நடத்தும் தனிநபர் எக்ஸிட்டுக்கு மாறலாமா?

கோவை_இழை எழுதியது:

வணக்கம். ஜெர்மனியில் மாத வாடகைக்கு எடுத்த சிறிய சர்வர் ஒன்றில் இருபத்தொரு நாட்களாக டோர் (ஆள் யாரென்று தெரியாமல் இணையத்தில் உலவ உதவும் வலையமைப்பு) ரிலே நடத்தி வருகிறேன். போக்குவரத்தைக் கடைசியாக வெளித்தளத்துக்கு அனுப்பும் எக்ஸிட் அல்ல, இடையில் நின்று போக்குவரத்தைக் கடத்திவிடும் ரிலே மட்டுமே. முதல் மூன்று நாட்கள் ஏறக்குறைய எதுவும் வரவில்லை. நான்காம் நாளிலிருந்து ஏறத் தொடங்கி, ஒரு வாரத்துக்குள் நொடிக்கு 3 மெகாபைட்டைத் தொட்டது. ஒன்பதாம் நாள் காலையில் பார்த்தால் பாதிக்கும் கீழே இறங்கியிருந்தது. இன்றுவரை அங்கேயே கிடக்கிறது. நான் எதையும் மாற்றவில்லை, லாக் கோப்பிலும் பிழைச் செய்தி இல்லை. நான் ஏதாவது தவறு செய்திருக்கிறேனா?

இதோடு இன்னும் இரண்டு கேள்விகள். வலையமைப்பில் எக்ஸிட் ரிலேக்கள்தாம் குறைவு என்று எங்கும் படிக்கிறேன். அப்படியானால் பாதி சும்மா இருக்கும் இந்தச் சர்வரையே எக்ஸிட்டாக மாற்றிவிடலாமா? கோயம்புத்தூர் வீட்டில் ஃபைபர் இணைப்பும் பயன்படாமல் கிடக்கும் ஒரு மடிக்கணினியும் உள்ளன. அதிலும் ஒன்று ஓட்டலாமா? "நாளைக்குப் போலீஸ் வந்து வாசலில் நின்றால் யார் பதில் சொல்வது?" என்று வீட்டில் கேட்கிறார்கள். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை.

வெங்காயத்தோல் எழுதியது:

முதல் கேள்விக்கு மட்டும் நான் பதில் சொல்கிறேன். உங்கள் சர்வரில் கோளாறு எதுவும் இல்லை. புது ரிலே நடத்தும் எல்லோரும் அந்த ஒன்பதாம் நாளில் இதே கேள்வியோடுதான் வருகிறார்கள்.

புதிதாகச் சேரும் ரிலே, தன் வேகம் இவ்வளவு என்று தானே சொல்லிக்கொள்வதை வலையமைப்பு நம்புவதில்லை. அதற்கென உள்ள அளவீட்டுச் சர்வர்கள் உங்கள் ரிலே வழியாகக் கோப்புகளை இறக்கிப் பார்த்து அளக்கும்வரை, உங்களுக்கு மிகச் சிறிய எடையே, அதாவது பயனர்கள் உங்களைத் தேர்ந்தெடுக்கும் மிகச் சிறிய வாய்ப்பே, தரப்படும். முதல் மூன்று நாள் அமைதிக்குக் காரணம் அதுதான். அளவீடு முடிந்ததும், மணிக்கொரு முறை வெளியாகும் பொதுப்பட்டியலில் உங்கள் எடை கூடுகிறது, நடு ரிலேயாக நிறையப் பேர் உங்களைத் தேர்ந்தெடுக்கிறார்கள். எட்டு நாள் இடைவிடாமல் ஓடி, வேகமும் போதுமானதாக இருந்தால், உங்களுக்குக் 'கார்டு' என்ற முத்திரை கிடைக்கிறது. அதாவது பயனரின் கணினி முதலில் வந்து தொடும் நுழைவு ரிலேயாக இருக்கத் தகுதி பெறுகிறீர்கள். அந்த முத்திரை விழுந்த நிமிடத்திலிருந்து, 'இவரை நுழைவுக்காக ஒதுக்கி வைப்போம்' என்று மற்ற கணினிகள் உங்களை நடு வேலைக்கு எடுப்பதைக் குறைத்துக்கொள்கின்றன. ஆனால் நுழைவுக்கான ஆட்கள் உடனே வந்து குவிவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு பயனரின் டோரும் ஒரு நுழைவு ரிலேயைத் தேர்ந்தெடுத்தால் மாதக்கணக்கில் அதையே வைத்துக்கொள்ளும். அடிக்கடி மாற்றினால் என்றாவது ஒருநாள் தீய ரிலேயிடம் சிக்கும் வாய்ப்பு கூடும் என்பதால் வேண்டுமென்றே செய்த ஏற்பாடு அது. பழைய நுழைவைக் கைவிடும் பயனர்கள் சிறுகச் சிறுக உங்களிடம் வந்து சேர இரண்டு மாதம் பிடிக்கும். அதுவரை சர்வரை அணைத்து அணைத்துப் போடாமல் அப்படியே விட்டுவிடுங்கள்.

ஒன்றை மட்டும் இன்றே செய்துவிடுங்கள். டோரின் தரவு அடைவுக்குள் 'கீஸ்' என்ற பெயரில் ஓர் அடைவு இருக்கும். அதை அப்படியே நகலெடுத்துப் பத்திரமான வேறோர் இடத்தில் வையுங்கள். உங்கள் ரிலேயின் அடையாளம் அதன் ஐபி முகவரியில் இல்லை, அந்த அடைவிலுள்ள சாவிகளில்தான் இருக்கிறது. நான் ஒருமுறை இயங்குதளத்தைப் புதிதாக நிறுவும் அவசரத்தில் அந்த அடைவை மறந்துவிட்டேன். பதினான்கு மாதம் ஓடிய ரிலே. அதே சர்வர், அதே ஐபி, அதே செல்லப்பெயர். ஆனால் ரிலே தேடல் பக்கத்தில் நாற்பது எழுத்துக் கைரேகை (சாவியிலிருந்து உருவாகும் அடையாளக் குறி) வேறாகிவிட்டது. வலையமைப்பின் கண்ணில் நான் நேற்றுப் பிறந்தவன். மறுபடியும் மூன்று நாள் மௌனம், மறுபடியும் அந்த ஒன்பதாம் நாள்.

மூன்றாம்_கணு எழுதியது:

எக்ஸிட் பற்றி: இப்போது வேண்டாம் என்பதே என் கருத்து. தனி ஆளாக, சொந்தப் பெயரில், ஒரே ஒரு சர்வரில் என்றால் எப்போதுமே வேண்டாம்.

டோரில் ஒரு தொடர்பு மூன்று ரிலேக்களைக் கடந்து போகிறது. நுழைவு ரிலேக்குப் பயனரின் முகவரி தெரியும், அவர் எங்கே போகிறார் என்பது தெரியாது. நடு ரிலேக்கு இரண்டும் தெரியாது. எக்ஸிட்டுக்குப் போகும் இடம் தெரியும், ஆள் தெரியாது. தொழில்நுட்பமாகப் பார்த்தால் மூன்றும் சமமான வேலைகள்தாம், ஆனால் வெளியுலகம் பார்ப்பது கடைசி ரிலேயின் ஐபி முகவரியை மட்டுமே. யாரோ ஒருவர் ஒரு தளத்தை உடைக்க முயன்றாலும், பதிப்புரிமை உள்ள கோப்பைப் பகிர்ந்தாலும், அதைவிட மோசமான காரியம் செய்தாலும், புகார்க் கடிதத்தில் இருக்கப்போவது உங்கள் சர்வரின் முகவரி.

வெறும் மிரட்டலாக இதைச் சொல்லவில்லை. ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் எக்ஸிட் நடத்திய ஓர் இளைஞர், அவ்வழியாக வேறு யாரோ கடத்திய சட்டவிரோதப் படங்களுக்கு உடந்தை என்று 2014இல் தண்டனை பெற்றார். மாஸ்கோவில் 2017 ஏப்ரலில் ஒரு கணித ஆசிரியர் கைதானார். ஆர்ப்பாட்டத்துக்கு அழைப்பு விடுத்த பதிவுகள் அவருடைய ஐபி முகவரியிலிருந்து வந்தன என்பது குற்றச்சாட்டு. அவர் வீட்டில் எக்ஸிட் ஓடிக்கொண்டிருந்தது. மாதக்கணக்கில் காவலும் வீட்டுக்காவலும் அனுபவித்த பிறகு, 2018இல் வழக்கு கைவிடப்பட்டது. ஜெர்மனியில் எக்ஸிட்களை நடத்தும் ஆர்டிகெல் 5 என்ற சங்கமும் 2024 ஆகஸ்டில் போலீஸ் சோதனைக்கு உள்ளானது. ஆனால் அங்கே கதவைத் தட்டியபோது பதில் சொல்லப் பதிவு பெற்ற ஒரு சங்கமும் வழக்கறிஞரும் இருந்தார்கள். நீங்கள் சர்வர் எடுத்திருப்பதும் ஜெர்மனியில்தான் என்பதால் இதைக் குறிப்பிட்டுச் சொல்கிறேன்.

எக்ஸிட் நடத்துபவர்கள் செய்யும் ஏற்பாடுகளைப் பார்த்தாலே இது எவ்வளவு வேலை என்பது புரியும். வேறு எதற்கும் பயன்படுத்தாத தனி ஐபி, அதன் தலைகீழ்ப் பெயரிலேயே (ஐபியைக் கொண்டு தேடினால் கிடைக்கும் பெயர்) 'டோர் எக்ஸிட்' என்று தெரியும்படி அமைப்பு, அந்த முகவரியை உலாவியில் திறந்தால் 'இது டோர் எக்ஸிட், எங்களிடம் பயனர் பதிவுகள் இல்லை' என்று சொல்லும் ஒரு பக்கம், குப்பை மின்னஞ்சலுக்கு வழிவிடாதபடி, மின்னஞ்சல் அனுப்பப் பயன்படும் 25ஆம் போர்ட்டை மூடிவைத்தல், அனைத்துக்கும் மேலாக, எக்ஸிட் நடத்தலாம் என்று முன்கூட்டியே எழுத்தில் சம்மதம் தந்த சர்வர் நிறுவனம். உங்கள் நிறுவனத்திடம் நீங்கள் கேட்கவே இல்லை என்று நினைக்கிறேன். கேட்காமல் மாற்றினால் முதல் புகாரிலேயே கணக்கை முடக்கிவிடுவார்கள், இத்தனை நாள் ஓடிய ரிலேயும் சேர்ந்து போய்விடும்.

எக்ஸிட்டுக்குத்தான் உதவ வேண்டும் என்று மனம் சொன்னால், பிரான்சின் நோ ஓன்யோன் போன்ற சங்கங்களுக்கு உங்கள் மாத வாடகைத் தொகையை நன்கொடையாகக் கொடுங்கள். அவர்கள் பலரிடம் திரட்டிய பணத்தில் பெரிய எக்ஸிட்களை வாங்கி நடத்துகிறார்கள்.

தென்னங்கீற்று எழுதியது:

வீட்டு இணைப்பைப் பற்றி நான் சொல்கிறேன், ஏனென்றால் இதை முயன்று பார்த்துக் கைவிட்டவன் நான்.

ரிலேக்கு வெளியிலிருந்து நேரடியாக எட்டக்கூடிய பொது ஐபி முகவரி வேண்டும். நம்மூர் ஃபைபர் இணைப்புகள் பலவற்றில் நூற்றுக்கணக்கான வீடுகளுக்குச் சேர்த்து ஒரே பொது முகவரியைத்தான் தருகிறார்கள். உங்கள் ரவுட்டரின் உள்பக்கத்தில் 'வான் (WAN) ஐபி' என்று காட்டும் எண் 100.64க்கும் 100.127க்கும் இடையில் தொடங்கினால் அதுதான் கதை. போர்ட்டைத் திறந்துவிட்டாலும் வெளியிலிருந்து யாரும் உள்ளே வர முடியாது. கூடுதல் கட்டணம் செலுத்தி நிலையான ஐபி வாங்கினாலும் அடுத்த சிக்கல் காத்திருக்கிறது. நொடிக்கு 10 மெகாபிட் என்ற மிகச் சாதாரண வேகத்தில் ரிலே முழுநேரம் ஓடினால் ஒரு திசையில் நாளுக்கு 108 ஜிபி, மாதத்துக்கு 3,240 ஜிபி. உள்ளே வருவது எல்லாம் வெளியேயும் போவதால் கணக்கு இரட்டிப்பாகிறது. 'அன்லிமிடெட்' என்று விற்கப்படும் பல வீட்டு இணைப்புகளின் மாத வரம்பு 3,300 ஜிபி. பதினாறாம் தேதிக்குள் அது தீர்ந்துவிடும்.

மேலும், ரிலேக்களின் ஐபி முகவரிகள் எல்லாம் பொதுப்பட்டியலில் உள்ளவை. எக்ஸிட் எது, நடு ரிலே எது என்று பிரித்துப் பார்க்கப் பொறுமையில்லாத சில தளங்கள் பட்டியல் முழுவதையும் ஒட்டுமொத்தமாகத் தடுத்துவிடுகின்றன. எங்கள் வீட்டில் இரண்டாம் வாரத்தில் வங்கித் தளம் திறக்கவில்லை. அம்மாவுக்கு அதை விளக்குவதற்கு ரிலேயை நிறுத்துவதே எளிதாக இருந்தது.

அந்த மடிக்கணினிக்குப் பொருத்தமான வேலை ஸ்னோஃப்ளேக். டோர் தடுக்கப்பட்ட நாடுகளில் உள்ளவர்களை வலையமைப்பின் வாசல்வரை கொண்டுபோய் விடும் தற்காலிகப் பாலம் அது. உலாவியில் ஒரு நீட்சியாகச் சேர்த்தாலே போதும், பொது ஐபி வேண்டியதில்லை. உங்கள் முகவரியிலிருந்து போகும் போக்குவரத்து டோருக்குள்தான் நுழையுமே தவிர, வெளித்தளம் எதையும் தொடாது. ரஷ்யா 2021 டிசம்பரில் டோரைத் தடுத்தபோதும், ஈரானில் 2022 செப்டம்பரில் போராட்டங்கள் வெடித்து அரசு இணையத்தை முடக்கியபோதும், ஸ்னோஃப்ளேக் வழியாக வந்தவர்களின் எண்ணிக்கை எக்கச்சக்கமாக எகிறியது. உங்கள் ரவுட்டர் கண்டிப்பானதாக இருந்தால் எல்லாப் பயனரோடும் இணைப்பு அமையாது, ஆனாலும் சிலருக்கு உதவும்.

இந்தியாவிலேயே சர்வர் எடுக்க எண்ணினால் ஒன்றை நினைவில் வையுங்கள். இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28இல் வெளியிட்ட ஆணைப்படி, இங்குள்ள தரவு மையங்களும் வாடகைச் சர்வர் நிறுவனங்களும் வாடிக்கையாளரின் பெயர், முகவரி, ஐபி விவரங்களை ஐந்தாண்டு வைத்திருக்க வேண்டும். அதைத் தொடர்ந்துதான் பல விபிஎன் நிறுவனங்கள் தங்கள் சர்வர்களை நாட்டைவிட்டே எடுத்துப் போயின.

நேர்வழி எழுதியது:

எல்லோரும் 'எப்படி' என்றே பேசுகிறீர்கள். யாருக்காக என்று யாரும் கேட்கவில்லை. முன்பின் தெரியாதவர்களின் போக்குவரத்தை, அது நல்லதா கெட்டதா என்று பார்க்காமலேயே, சொந்தக் காசில் சுமப்பதில் உங்களுக்கு உறுத்தல் இல்லையா? அதே வலையமைப்பில் கெட்ட எண்ணத்தோடு ரிலே வைத்திருப்பவர்களும் இருப்பார்கள்தானே?

வெங்காயத்தோல் எழுதியது:

உறுத்தல் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய். ஆனால் பார்த்துப் பார்த்துக் கடத்தும் ரிலே ஒன்று இருந்தால், அதைப் பார்க்கச் சொல்லி அதிகாரத்தில் உள்ளவர் கட்டளையிடவும் முடியும். டோருக்கு அடிப்படையான வெங்காய வழிச்செலுத்தம் 1990களில் அமெரிக்கக் கடற்படை ஆய்வுக்கூடத்தில் பிறந்தது. கடற்படையினர் மட்டுமே பயன்படுத்தும் வலையமைப்பில் வருபவர்கள் அனைவரும் கடற்படையினர் என்று எவருக்கும் தெரிந்துவிடும். அதனால்தான் அது எல்லோருக்கும் திறந்துவிடப்பட்டது. பத்திரிகையாளர், கணவனிடமிருந்து தப்பி ஒளிந்திருக்கும் பெண், சும்மா விளம்பரத் தொல்லை பிடிக்காதவர், குற்றவாளி எல்லோரும் ஒரே கூட்டத்தில் கலந்திருப்பதுதான் அதன் மறைப்பு. குற்றவாளியை மட்டும் வடிகட்டும் வழி எவரிடமும் இல்லை.

உங்கள் இரண்டாவது கேள்வி இன்னும் முக்கியமானது. 2014 ஜனவரி 30இல் 115 ரிலேக்கள் ஒன்றாக வந்து சேர்ந்தன. பயனர்களின் அடையாளத்தைக் கண்டறியும் தாக்குதலுக்கு அவை பயன்பட்டன என்று கண்டுபிடித்து நீக்கியது ஜூலை 4இல்தான். கார்டு முத்திரை பெறும் அளவுக்குப் பொறுமையாக ஓட்டியிருக்கிறார்கள். இப்படிப்பட்டவர்களின் பங்கைக் குறைக்க ஒரே வழி, ஒருவரோடொருவர் தொடர்பில்லாத நேர்மையான ஆட்கள் நிறைய ரிலே வைத்திருப்பது. மலிவு என்பதால் எல்லோரும் அதே இரண்டு மூன்று தரவு மையங்களில் போய்க் குவிவது இதற்கு நேர் எதிரானது. கோவை_இழை, அடுத்த முறை சர்வரைப் புதுப்பிக்கும்போது ரிலே தேடல் பக்கத்தில் உங்கள் சர்வர் நிறுவனத்தின் வலையமைப்பை அடையாளம் காட்டும் ஏஎஸ் (AS) எண்ணைத் தட்டிப் பாருங்கள். அங்கே ஏற்கெனவே சில நூறு ரிலேக்கள் இருந்தால் வேறு நாட்டில், வேறு நிறுவனத்தில் எடுங்கள். சாவிகளை நகலெடுத்து வைத்திருந்தால் அடையாளமும் கூடவே வரும். இரண்டாவது ரிலே தொடங்கினால் இரண்டின் கைரேகையையும் டோரின் அமைப்புக் கோப்பில் 'மைஃபேமிலி' வரியில் மறக்காமல் எழுதுங்கள். ஒரே பயனரின் பாதையில் உங்கள் ரிலே இரண்டும் வராமல் டோர் பார்த்துக்கொள்ள அது தேவை.

மூன்றாம்_கணு எழுதியது:

வீட்டில் கேட்ட கேள்விக்கு ஒரு செய்தி. அமெரிக்காவின் நியூ ஹாம்ப்ஷயர் மாநிலத்தில் லெபனான் என்ற சிறிய ஊரில் உள்ள கில்டன் நூலகம் 2015இல் ஒரு ரிலே வைத்தது. அதுவும் எக்ஸிட் அல்ல. உள்நாட்டுப் பாதுகாப்புத் துறையிலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது, உள்ளூர் போலீஸ் வந்து பேசியது, நூலகம் ரிலேயை நிறுத்திவைத்தது. செப்டம்பர் 15 அன்று நூலக வாரியம் ஊர்மக்களைக் கேட்டுவிட்டு மறுபடியும் ஓட்ட முடிவு செய்தது. ஆகவே போலீஸ் வரவே வராது என்று வீட்டில் சத்தியம் செய்யாதீர்கள். ரிலே என்றால் என்ன என்று ஒரு பக்கத்தில் எழுதி, சர்வர் ஒப்பந்தத்தின் நகலோடு சேர்த்து வீட்டில் வைத்துவிடுங்கள்.

கோவை_இழை எழுதியது:

அனைவருக்கும் நன்றி. கீஸ் அடைவை நேற்றிரவே நகலெடுத்துவிட்டேன். எக்ஸிட் யோசனையைக் கைவிட்டேன். ஏஎஸ் எண்ணைத் தட்டிப் பார்த்ததில், வெங்காயத்தோல் சொன்னது போலவே, பட்டியல் பக்கம் பக்கமாக நீள்கிறது. ஒப்பந்தம் முடிந்ததும் இடம் மாற்றுவேன். மடிக்கணினியில் ஸ்னோஃப்ளேக் நீட்சியைச் சேர்த்தேன், இன்று காலை நான்கு பேரை இணைத்ததாகக் காட்டியது. கடைசியாக ஒரு சிறு ஐயம்: அமைப்புக் கோப்பின் தொடர்பு விவர வரியில் கைப்பேசி எண்ணும் தர வேண்டுமா?

வெங்காயத்தோல் எழுதியது:

வேண்டாம். நீங்கள் தவறாமல் படிக்கும் ஒரு மின்னஞ்சல் முகவரி போதும்; இதற்கென்றே புதிதாக ஒன்றைத் தொடங்குங்கள். அந்த வரி பொதுப்பட்டியலில் யாருக்கும் தெரியும்படி இருக்கும்.