ஆர்ஸ்டெட் சோதனை: காந்த ஊசி பாதிதான் திரும்புகிறது

மின்னோட்டம் பாயும் கம்பி பக்கத்திலுள்ள காந்த ஊசியைத் திருப்பும் என்று காட்டும் ஆர்ஸ்டெட் சோதனையை, மதுரைப் பக்கம் ஒரு பள்ளியில் அறிவியல் கண்காட்சிக்காகச் செய்கிறோம். போன வாரத்திலிருந்து இதே இடத்தில் நிற்கிறோம்.

செம்புக் கம்பியை வடக்கு தெற்காக நீட்டி, 2 செ.மீ. கீழே திசைகாட்டி வைத்திருக்கிறோம். ஊசியின் நீளம் 4 செ.மீ. டிசி பவர் சப்ளையிலிருந்து 2 ஆம்பியர். மல்டிமீட்டரிலும் அதேதான் காட்டுகிறது. கணக்குப்படி கம்பியின் காந்தப்புலம் 20 மைக்ரோடெஸ்லா. இங்கே புவிக் காந்தத்தின் கிடைமட்டப் பகுதி சுமார் 40. அப்படியென்றால் ஊசி 26 பாகையாவது விலக வேண்டும். விலகுவதோ 14. மின்னோட்டத்தைத் திருப்பினால் மறுபக்கம் 10தான். இந்த வித்தியாசம்தான் எனக்கு இன்னும் குழப்பம்.

இரும்பு மேசையை மாற்றி மர மேசைக்கு வந்தாயிற்று. செல்போன், ஸ்பீக்கர் எல்லாம் தள்ளி வைத்தாயிற்று. திரும்பி வரும் கம்பி புலத்தைக் குறைக்குமே என்று அதையும் ஒரு மீட்டர் தள்ளிக் கொண்டுபோனோம். 12 வோல்ட் பேட்டரியில் அதே 2 ஆம்பியர் ஓட்டினாலும் அதே கதை. ஓட்டம் நின்றதும் ஊசி சரியாக வடக்குக்கு வந்துவிடுகிறது, அதனால் ஊசியைத் தாங்கும் முனையில் அது சிக்குவதாகத் தெரியவில்லை.

2 செ.மீ. தூரத்துக்கு 4 செ.மீ. ஊசி நீளம் அதிகம் என்பதால்தான் விலகல் இவ்வளவு குறைகிறதா?