20 பேர், ஒரே ஒரு 8 அங்குலத் தொலைநோக்கி: ஒரு இரவு போதுமா?

திருமலை_ஆசிரியர்:
உயர்தர மாணவர் 18 பேர், ஆசிரியர் 2 பேர். குச்சவெளிப் பக்கம் தோட்டக் காணிக்குள்ள இருக்கிற சின்ன வானாய்வகம் ஒன்றுக்கு ஆடி மாதம் போக இருக்கிறம். இரவு 7.30 தொடக்கம் 10.30 வரை. அங்க இருக்கிறது 8 அங்குல டொப்சோனியன் (கையால திருப்புற கண்ணாடித் தொலைநோக்கி), குவியத்தூரம் 1200 மி.மீ., கண் வைச்சுப் பார்க்க 25, 10 மி.மீ. பார்வைத்துண்டுகள். தானாத் திரும்புற மோட்டார் இல்லை. வரிசையில நிண்டே நேரம் போயிடுமோ? அதிபர் போயா (பௌர்ணமி) லீவில வைக்கச் சொல்லுறார்.

கேட்டை:
போயா வேண்டாம். பால்வீதி அழிஞ்சுபோகும். நிலவைப் பார்க்கவும் கூடாத நாள் அதுதான்: வெயில் நேரா விழுறதால குழிகளுக்கு நிழல் இல்லை. மூன்றாம் பிறையைப் பிடியுங்கோ. முதல்ல குழிகளைக் காட்டலாம், 9 மணிக்குள்ள நிலவு மறைய நல்ல இருட்டு.

வரிசைக் கணக்கு இதுதான். 25 மி.மீ. போட்டால் 48 மடங்கு பெருப்பிக்கும், பார்வைப் புலம் (ஒரே தடவையில தெரியிற வானம்) ஏறத்தாழ 1 பாகை. வானம் நிமிடத்துக்குக் கால் பாகை நகரும். பொருளை நடுவில வைச்சால் 2 நிமிடத்தில வெளிய போயிடும், ஆளுக்கு 40 செக்கன் எண்டால் 3 பேர். நடுவில வைக்காமல், அது உள்ள வாற விளிம்பில வையுங்கோ. 4 நிமிடம், 6 பேர். விளிம்பில கொஞ்சம் பிசிறும், பரவாயில்லை. 10 மி.மீ. போட்டால் 2 பேருக்கொருக்கால் சரிபார்க்க வேணும். ஆக, ஒரு பொருளுக்கு 15 நிமிடம். இடைவெளியோட 8 பொருளுக்கு மேல ஆசைப்படாதேங்கோ.

உப்புவெளி_இரவு:
7.45க்குப் பிறகுதான் முழு இருட்டு. பிறை பார்த்து முடிஞ்ச கையோட ஒமேகா சென்டாரி நட்சத்திரக் கொத்து. தென்மேற்கில 20 பாகை உயரம்தான், பிந்தினால் மரத்துக்குள்ள இறங்கிடும். பிறகு விருச்சிகம். மூல நட்சத்திரத்துக்குப் பக்கத்தில எம்7 நட்சத்திரக் கொத்து 1 பாகைக்கு மேல அகலம், 48 மடங்கில முழுசா வராது. அதுக்கு 10 மடங்கு, 50 மி.மீ. பைனாகுலர் ஒன்றை முக்காலியில பூட்டி வையுங்கோ. வரிசையும் இரண்டாப் பிரியும்.

காத்திருக்கிற பிள்ளையளுக்கு வேலை: நீட்டிய கையின் முட்டி 10 பாகை. துருவ நட்சத்திரம் வடக்கு அடிவானத்தில இருந்து ஒரு முட்டிக்கும் குறைவு, ஏனெண்டால் எங்கட அகலக்கோடு 9 பாகைக்கும் குறைவு. கடல் பக்கம் மப்பு எண்டால் தெரியாது.

நாலாம்சாமம்:
பகல் முழுக்கக் கொட்டிலுக்குள்ள வெந்த கண்ணாடியால பார்த்தால் நட்சத்திரம் கொதிதண்ணிக்குள்ள கிடக்கிற மாதிரி ஆடும். 6.30க்கே தொலைநோக்கியை வெளிய வைக்கச் சொல்லுங்கோ, 1 மணித்தியாலம் ஆற வேணும். கச்சான் காற்று அடிச்சால் 10 மி.மீ.யை மறந்திடுங்கோ, நீங்கள் வாற வான் வண்டியைக் காற்றுக்கு மறைப்பா விட்டு 48 மடங்கோட நில்லுங்கோ. வண்டிக் கதவு திறக்க எரியிற உள் லைட்டுக்கு ரேப் ஒட்டுங்கோ. கண் இருட்டுக்குப் பழக 20, 30 நிமிடம். ஒரு போன் திரை போதும், எல்லாம் திரும்ப முதல்ல இருந்து. டோர்ச்சுக்குச் சிவப்புச் செலோபேன் ஒரு மடிப்புக் காணாது, 3 மடிப்பு.

நட்சத்திரத்தைச் சுட்டிக் காட்டுற பச்சை லேசர் கொண்டுபோகாதேங்கோ. சீனக்குடா விமானத்தளம் இருக்கிற மாவட்டம் இது. "தென்னைத் தலைக்கு மேல இரண்டு முட்டி" எண்டு காட்டினால் போதும்.

திருமலை_ஆசிரியர்:
மூன்றாம் பிறைக்கே மாத்தக் கேக்கிறன். ஏணி வேணுமா?

கேட்டை:
ஏணி வேண்டாம், முதுகு இல்லாத கதிரை ஒன்று வேணும். உச்சிக்குத் திருப்பினாலும் பார்வைத்துண்டு 4 அடியளவில்தான். ஒமேகா சென்டாரி மாதிரித் தாழ்ந்ததுக்கு இடுப்பளவுக்கும் கீழ வரும். நிண்டு குனியிற பிள்ளை சமநிலைக்குக் குழாயைப் பிடிக்கும், பொருள் போயிடும்.