பாப் லடூசரின் 151 தொடர் வெற்றி: பழைய வீயர் ஆட்டத்தை ஏன் யாராலும் நிறுத்த முடியவில்லை?

கேள்வி:
அமெரிக்கக் கால்பந்தில் கலிபோர்னியா கான்கார்டின் டி லா சால் பள்ளி, 1992 முதல் 2004 வரை தொடர்ந்து 151 ஆட்டங்களில் வென்றது. பயிற்சியாளர் லடூசர் ஆடவைத்ததோ எல்லாருக்கும் தெரிந்த வீயர் (பந்தோடு ஓடும் ஆட்டமுறை; யார் ஓடுவது என்பதை எதிராளியின் நகர்வைப் பார்த்து அந்த நொடியில் முடிவு செய்வார்கள்). என்ன வரும் என்று தெரிந்தும் எதிரணிகள் ஏன் திணறின?

பதில் 1:
பந்து யாரிடம் போகும் என்பது ஸ்நாப் (பந்தைப் பின்னால் கொடுத்து ஆட்டத்தைத் தொடங்குவது) ஆகும்வரை, அதை வாங்கி ஆட்டத்தை நடத்தும் குவார்ட்டர்பேக்குக்கே தெரியாது தம்பி. டேக்கிளுக்கு (முன்வரிசை ஐவரில் ஓரத்தில் நிற்பவன்) நேரே அல்லது அவனுக்கு வெளியே நிற்கும் எதிரணியின் முதல் தடுப்பாளை வேண்டுமென்றே பிளாக் செய்யாமல் (மறித்துத் தள்ளாமல்) விடுவார்கள். நேராக உள்ளே பாயும் டைவ் பேக்கின் வயிற்றில் பந்தை வைத்தபடியே குவார்ட்டர்பேக் அந்த ஆளைப் பார்ப்பான். அந்தத் தடுப்பாள் உள்ளே பாய்ந்தால் பந்தை உருவிக்கொண்டு வெளியே ஓட வேண்டும். வெளியே நகர்ந்தால் பந்தை டைவ் பேக்கிடமே விட்டுவிட வேண்டும். வெளியே போனபின் அடுத்த தடுப்பாள் மேலே வந்தால், கூட ஓடிவரும் இன்னொரு பேக்குக்குப் பிட்ச் (பந்தைப் பக்கவாட்டில் எறிவது). இப்படி இரண்டு பேரைத் தொடாமல் விடுவதால் மிச்சமாகும் லைன்மேன்கள் (முன்வரிசைக்காரர்கள்) நேராக லைன்பேக்கர்கள் (எதிரணியின் இரண்டாம் வரிசைத் தடுப்பாளர்கள்) மேல் போவார்கள்.

கெடுவது பெரும்பாலும் கைமாறும் இடத்தில்தான். டைவ் பேக் பந்தை இறுக்கிப் பிடித்த அதே நொடியில் குவார்ட்டர்பேக் உருவினால் ஃபம்பிள், பந்து கைநழுவிவிடும். டைவ் பேக்கின் உட்பக்க முழங்கை உயர்ந்து, கைகள் தளர்வாக மூடவேண்டும். பிட்ச் வாங்குபவன் 4, 5 யார்டு தள்ளியே ஓட வேண்டும். நெருங்கிவிட்டால் ஒரே தடுப்பாள் இருவரையும் மடக்கிவிடுவான்.

பதில் 2:
மேலே சொன்னது சரி, ஆனால் வீயரை எத்தனையோ பள்ளிகள் ஆடின. வித்தியாசம் லைனில். டி லா சாலின் ஐந்து பேரும் ஒரே ஆள்போலக் கிளம்புவார்கள்: இடுப்பு தாழ்ந்து, முதல் அடி குட்டையாக, தோள் எதிராளியின் தோளுக்குக் கீழே. அந்த வேகத்தை எதிரணி தன் மாற்று ஆட்டக்காரர்களை வைத்து ஒரு வாரத்தில் ஒத்திகை பார்க்கவே முடியாது. 1979-இல் லடூசர் வந்தபோது அந்தப் பள்ளி தோல்விகளைவிட அதிக வெற்றி பெற்ற சீசன் ஒன்றுகூட இல்லை. எடைப்பயிற்சியும் லைன் வேலையும்தான் அதை மாற்றின.

கேள்வி கேட்டவர்:
நன்றி அண்ணா. அவர்களுடைய 'உறுதி அட்டை' என்ன?

பதில் 2:
ஒவ்வொரு வாரமும் ஒவ்வொரு பையனும் மூன்று இலக்கு எழுதுவான்: உடற்பயிற்சிக்கு ஒன்று, களப்பயிற்சிக்கு ஒன்று, ஆட்டத்துக்கு ஒன்று. அணி முன்னால் வாசித்து, அட்டையை ஒரு தோழனிடம் கொடுப்பான். நிறைவேற்றினானா என்று சொல்வது அந்தத் தோழன் பொறுப்பு. வேறு அணிகள் இதை எடுத்துச் சொதப்புவது, 'நன்றாக ஆடுவேன்' என்று எழுதவிடுவதால். '225 பவுண்டில் 5 ஸ்குவாட்' என்றால்தான் தோழன் எண்ணிப் பார்க்க முடியும்.

லடூசர் அங்கே சமயப் பாட ஆசிரியரும்கூட. பையன்கள் ஒருவருக்கொருவர் பதில் சொல்லும் பழக்கத்தைத்தான் அவர் ஆட்டத்தைவிடப் பெரிதாக நினைத்தார். 2013-இல் விலகும்போது 399 வெற்றி, 25 தோல்வி, 3 டிரா.

பதில் 1:
'பழைய ஆட்டம்' என்றதற்கு ஒன்று: 2004 செப்டம்பரில் சியாட்டிலில் 39–20 என்று அந்தத் தொடரை முடித்த பெல்வியூ பள்ளி ஆடியது விங்-டி என்ற ஆட்டமுறை. அது வீயரைவிடவும் பழசு.