ஆறு பேர் குடும்பத்துக்கு எக்ஸ்5, கியூ7, எக்ஸ்சி90 மூன்றில் எது சரிப்படும்? உதவி தேவை

மூவரின்அப்பா:
வணக்கம். மூன்று மாதமாக இதே யோசனைதான், இன்னும் ஒரு முடிவுக்கு வர முடியவில்லை. இப்போது ஓட்டுவது செடான். வீட்டில் ஆறு பேர்: நான், மனைவி, எட்டு வயது மகள், நாலு வயது மகன், ஏழு மாதக் கைக்குழந்தை, அப்புறம் என் அம்மா. அம்மாவுக்கு 71 வயது, இரண்டு முழங்காலிலும் வலி. எங்கே போனாலும் இரண்டு வண்டியில்தான் போகவேண்டியிருக்கிறது, இல்லாவிட்டால் அம்மா "நீங்க போய்ட்டு வாங்க" என்று வீட்டிலேயே இருந்துவிடுகிறார். அதை இனிமேலும் தொடர எனக்கு மனசு வரவில்லை.

பார்த்து வைத்திருப்பது பிஎம்டபிள்யூ எக்ஸ்5 (மூன்றாவது வரிசை ஆப்ஷனோடு), ஆடி கியூ7, வால்வோ எக்ஸ்சி90. ஓட்டிப் பார்த்ததில் எனக்கு எக்ஸ்5 மேல்தான் ஆசை, அந்த ஆறு சிலிண்டர் எஞ்சின் அவ்வளவு மென்மை. மனைவிக்கு எக்ஸ்சி90. கியூ7-ஐ இரண்டு பேருமே பெரிதாகக் கண்டுகொள்ளவில்லை, கொஞ்சம் நீளமாகப் பட்டது.

என் சந்தேகங்கள்: மூன்றாவது வரிசையில் நிஜமாகவே ஆள் உட்கார முடியுமா, அம்மாவை எங்கே உட்கார வைப்பது, பிளக்-இன் ஹைபிரிட், அதாவது பெட்ரோலோடு வீட்டில் சார்ஜ் போடும் பேட்டரியிலும் ஓடுவது, எடுக்கலாமா (தினசரி ஓட்டம் 25 கிலோமீட்டருக்குள்தான்). இன்னொன்று, மகனுக்கு வண்டியில் போனால் குமட்டும், அரை மணி நேரத்துக்கு மேல் தாங்க மாட்டான். அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

இரட்டையர்அம்மா:
சகோ, வண்டிப் பெயரையெல்லாம் கொஞ்சம் ஒதுக்கி வையுங்கள். முதலில் ஒரு தாளில் ஏழு கட்டம் போட்டு, யார் எந்தக் கட்டத்தில் என்று எழுதுங்கள். நாங்கள் இதைச் செய்யாமல் வாங்கி, இரண்டு வருடம் கஷ்டப்பட்டோம். சீட் ஏழு இருந்தது, ஆனால் இரண்டாவது வரிசையில் இரண்டு ஓரத்திலும் சைல்டு சீட் மாட்டியபிறகு பின்வரிசைக்குப் போக வழியே இல்லை. பின்னால் யாராவது ஏற வேண்டுமானால் ஒரு சீட்டைக் கழற்ற வேண்டும், அதுவும் தூங்கும் குழந்தையோடு. கடைசியில் பின்வரிசையை மடக்கிப் போட்டவர்கள்தான், நிமிர்த்தவே இல்லை.

உங்கள் கட்டத்தைப் பார்ப்போம். அம்மா முன் சீட்டில், அதில் சந்தேகமே வேண்டாம், முழங்கால் வலி உள்ளவரை மூன்றாவது வரிசைக்கு அனுப்பாதீர்கள். எட்டு வயது மகள் பூஸ்டரோடு (பெல்ட் சரியாகப் படும்படி பிள்ளையை உயர்த்தும் சீட்) மூன்றாவது வரிசை. இரண்டாவது வரிசையில் கைக்குழந்தை, மகன், உங்கள் மனைவி. மகள் பின்னால் போக வழி வேண்டும் என்றால், ஓர ஓரமான இரண்டு சீட்டில் ஒன்றில் சைல்டு சீட் இருக்கக் கூடாது, அங்கே பெரியவர்தான் உட்கார வேண்டும். அப்படியானால் ஒரு சைல்டு சீட் நடுவில் வந்தாக வேண்டும். உங்கள் கேள்வி முழுக்க இந்த நடு சீட்டில்தான் இருக்கிறது.

ஐசோஃபிக்ஸ் கொக்கி, அதாவது சைல்டு சீட்டை நேராக வண்டியோடு பூட்டும் கொக்கி, நடு சீட்டிலும் இருக்கிறதா என்று பாருங்கள். இரண்டு கொக்கிகளுக்கு இடையே 280 மில்லிமீட்டர் என்பது நிர்ணயித்த அளவு. கொக்கி இருந்தாலும் பக்கத்து சீட்டோடு இடித்தால் பிரயோஜனம் இல்லை, அதனால் அகலமும் வேண்டும். எக்ஸ்5-இல் இரண்டாவது வரிசையின் ஓரங்களில்தான் கொக்கி. கியூ7 ஏழு சீட்டரில் இரண்டாவது வரிசை மூன்று இடத்துக்கும், மூன்றாவது வரிசை இரண்டு இடத்துக்கும் கொக்கி கொடுக்கிறார்கள். நாட்டுக்கு நாடு மாறலாம், நீங்கள் எடுக்கும் வண்டியின் மேனுவலில் சைல்டு சீட் அட்டவணை ஒன்று இருக்கும், அதைப் பார்த்துவிட்டே முடிவு செய்யுங்கள்.

எக்ஸ்சி90-க்கு ஒரு தனி வசதி உண்டு, நடு சீட்டுக்குள்ளேயே மடித்து வைத்த பூஸ்டர் ஆப்ஷனாகக் கிடைக்கும். எட்டு வயதுப் பிள்ளைக்கு அது அருமை. நாலு வயதுப் பையனை அதில் உட்கார வைக்க நான் சம்மதிக்க மாட்டேன், தூங்கினால் தலை இரண்டு பக்கமும் சாயும், பிடிக்க எதுவும் இல்லை. இந்த வயதுக்குப் பக்கச் சுவர் உள்ள சீட்தான் வேண்டும்.

நீளப்பயணி:
அக்கா சொன்னதற்கு மேல் ஒன்று. டெஸ்ட் டிரைவில் நாம் எல்லோரும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு திரும்பி வந்துவிடுகிறோம். ஒரு தடவையாவது நீங்கள் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்து, வேறொருவரை மேடு பள்ளத்தில் ஓட்டச் சொல்லுங்கள். அந்த வரிசை பின் ஆக்ஸிலுக்கு மேலேயே இருப்பதால் ஒவ்வொரு குலுக்கலும் நேராக முதுகுக்கு வரும், ஜன்னலும் சின்னது. குமட்டும் பையனை எக்காரணம் கொண்டும் அங்கே உட்கார வைக்காதீர்கள். உடம்பு அசைவதைக் காது உணர்கிறது, கண்ணுக்கு முன்னால் இருப்பதோ அசையாத சீட் முதுகு, இரண்டும் ஒத்துப்போகாததால்தான் குமட்டலே வருகிறது. இரண்டாவது வரிசை ஓரத்தில், வெளியே தூரமாகப் பார்க்கிற உயரத்தில் சீட் இருந்தால் நிறைய குறையும். ஓட்டுகிறவரும் பிரேக்கை மெதுவாகப் பிடிக்க வேண்டும், அதில்தான் பாதி இருக்கிறது.

எக்ஸ்5 ஓட்ட இனிமையான வண்டி, மறுக்கவில்லை. நீளம் 4.9 மீட்டர் சொச்சம், கியூ7 5 மீட்டரைத் தாண்டும். அந்தப் பத்துப் பதினைந்து சென்டிமீட்டர்தான் கடைசி வரிசையில் உட்காருகிறவரின் முழங்காலுக்குப் போகிறது. எக்ஸ்சி90 நீளத்தில் எக்ஸ்5 அளவுதான், ஆனால் முதலிலிருந்தே ஏழு பேருக்கென்று வரைந்தது, பின்வரிசையில் 170 சென்டிமீட்டர் உயரம் வரை உட்காரலாம் என்று வால்வோவே சொல்கிறது. எட்டு வயதுப் பெண்ணுக்கு இது போதும், மிச்சமும் உண்டு.

அமைதிக்காரன்:
மூன்றாவது வரிசை தினமும் தேவையா? வருஷத்தில் நாலு தடவைதான் என்றால் லெக்ஸஸ் ஆர்எக்ஸ் 350எச் பாருங்கள், 2.5 லிட்டர் ஹைபிரிட், பிளக் போட வேண்டாம், அலட்டல் இல்லாத வண்டி. ஆனால் ஐந்து சீட்தான். பின்வரிசை வைத்த ஆர்எக்ஸ்-எல் முந்தைய தலைமுறையோடு நின்றுவிட்டது.

மூவரின்அப்பா:
அமைதிக்காரன் சார், வாரம் மூன்று நாள் ஆறு பேரும் ஒன்றாகப் போவோம், அதனால் ஐந்து சீட் சரிவராது. நன்றி.

அக்கா, தாளில் கட்டம் போட்டுப் பார்த்தோம். உண்மையைச் சொன்னால் அப்போதுதான் புரிந்தது, இத்தனை நாள் எஞ்சினைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த நாங்கள் மகள் எந்தக் கதவு வழியாக ஏறுவாள் என்று ஒரு தடவைகூட யோசிக்கவில்லை. பிளக்-இன் பற்றி யாராவது சொல்லுங்களேன்.

பழையமெக்கானிக்:
தம்பி, 22 வருஷமாக வண்டிக்கு அடியில் படுத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்ளுங்கள்.

பிளக்-இன் என்றால் உங்கள் பட்டியலில் எக்ஸ்சி90 டி8 ஒன்றுதான் ஏழு சீட்டோடு வருகிறது. எக்ஸ்5, கியூ7, மெர்சிடிஸ் ஜிஎல்இ எல்லாவற்றிலும் பிளக்-இன் எடுத்தால் மூன்றாவது வரிசை கிடையாது, பேட்டரி பின்பக்கத் தரைக்கு அடியில் இடத்தைப் பிடித்துக்கொள்ளும். வால்வோ பேட்டரியை வண்டி நடுவில் நீளமாக ஓடும் டனலுக்குள் வைத்ததால் தப்பித்தது. தினமும் 25 கிலோமீட்டர், வீட்டிலேயே சார்ஜ் போட வசதி இருந்தால் டி8 நல்ல யோசனை. வசதி இல்லையென்றால் வேண்டாம், பேட்டரி எடையைச் சுமந்துகொண்டு வெறும் பெட்ரோலில் ஓட்டுவதற்கு ஏன் அத்தனை செலவு.

அடுத்தது ஏர் சஸ்பென்ஷன், ஸ்பிரிங்குக்குப் பதில் காற்று அடைத்த ரப்பர் பைகள் வண்டியைத் தாங்கும். உங்கள் அம்மாவுக்காக அதை எடுங்கள் என்றுதான் சொல்வேன், நிறுத்தியதும் வண்டியைத் தாழ்த்தலாம், ஏற இறங்க லேசாக இருக்கும். சீட் மெத்தை அவர் இடுப்பு உயரத்துக்கு வந்தால் சரி, ஏறவும் வேண்டாம் குனியவும் வேண்டாம், திரும்பி உட்கார்ந்து காலை உள்ளே வைத்தால் போதும். ஆனால் பழைய வண்டி எடுப்பதாக இருந்தால் கவனம். அந்தப் பையின் ரப்பர் வெடிப்பு விட்டால் காற்று கசியும், கசிவை ஈடுகட்ட கம்ப்ரசர் ஓடிக்கொண்டே இருக்கும், கடைசியில் அதுவும் போகும். இரவு சமதளத்தில் நிறுத்தி, நாலு சக்கரத்துக்கும் மேலே உள்ள வளைவின் உயரத்தை டேப் வைத்து அளந்து குறித்துக்கொள்ளுங்கள். காலையில் எஞ்சினைப் போடுவதற்கு முன், கதவைக்கூடத் திறக்காமல், மறுபடி அளங்கள். ஒரு மூலை மட்டும் இறங்கியிருந்தால் அந்த வண்டியை விட்டு நகருங்கள்.

டயர். 21, 22 அங்குல ரிம் படத்தில் நன்றாக இருக்கும், பிள்ளைகள் முதுகுக்கு நன்றாக இருக்காது. டயர் சுவர் எவ்வளவு ஒல்லியோ அவ்வளவு குலுக்கல், பள்ளத்தில் விழுந்தால் ரிம்மே வளையும். கம்பெனி கொடுக்கிற சின்ன அளவையே எடுங்கள். எக்ஸ்5-இல் பல மாடல்களில் பின் டயர் முன் டயரைவிட அகலம், முன்னும் பின்னும் மாற்றிப் போட முடியாது, அதனால் தேய்மானச் செலவு கூடும். ஏழு சீட்டர்களில் ஸ்டெப்னி இருக்கிறதா என்றும் கேளுங்கள், பெரும்பாலும் பஞ்சர் கிட் அல்லது ரன்-ஃபிளாட்தான் (பஞ்சரானாலும் கொஞ்ச தூரம் ஓடும் டயர்).

யாரும் கேட்காத ஒன்று, எடை. வண்டி ஏற்றக்கூடிய மொத்த எடையை அனுமதித்த மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்துக் கண்டுபிடியுங்கள். ஆறு பேர், சைல்டு சீட், பெட்டிகள், கூரைமேல் பெட்டி என்று கூட்டிப் பாருங்கள், எதிர்பார்த்ததைவிட சீக்கிரம் எல்லையைத் தொடும். பிளக்-இன்னில் இன்னும் சீக்கிரம்.

இரட்டையர்அம்மா:
ஷோரூமுக்குப் போகும்போது பிள்ளைகளின் மூன்று சீட்டையும், ஸ்ட்ரோலரையும் கையோடு எடுத்துப் போங்கள். கைக்குழந்தை சீட்டுக்கு சப்போர்ட் லெக் (தரையில் ஊன்றும் கால்) இருந்தால் நடுவில் தரை எப்படி இருக்கிறது என்று பாருங்கள், கால் உறுதியாக ஊன்ற வேண்டும், அடியில் சின்ன டப்பா போன்ற அறை இருந்தால் அதன் மூடிமேல் ஊன்றக் கூடாது. 15 மாதம் தாண்டும்வரை குழந்தை பின்நோக்கித்தான் உட்கார வேண்டும் என்பது ஐ-சைஸ் என்கிற சைல்டு சீட் பாதுகாப்புத் தரத்தின் விதி, நான் அதற்கு மேலும் வைத்திருந்தேன். மூன்றாவது வரிசை ஜன்னலுக்கும் கர்ட்டன் ஏர்பேக் வருகிறதா என்று கேட்க மறக்காதீர்கள்.

மூவரின்அப்பா:
போய் வந்தோம், எல்லோருமாக. விவரமாக எழுதுகிறேன், அடுத்து தேடுகிறவருக்கு உதவும்.

எக்ஸ்5-இல் இரண்டு சைல்டு சீட்டையும் ஓரத்தில்தான் மாட்ட முடிந்தது. மனைவி நடுவில் உட்கார்ந்தார், மகளுக்கு வழி அடைபட்டது. ஐந்து நிமிடத்தில் விடை தெரிந்துவிட்டது. வருத்தம்தான், அந்த எஞ்சினை நான் அவ்வளவு விரும்பினேன்.

எக்ஸ்சி90-இலும் சைல்டு சீட் ஓரங்களில்தான், அதனால் மகளை நடுவில் பூஸ்டரில் உட்கார வைத்து, இரண்டு பக்கமும் தம்பிகள் சீட். மூன்றும் அழகாகப் பொருந்தியது. ஆனால் அப்போது மனைவிதான் மூன்றாவது வரிசைக்குப் போக வேண்டும், போக வழி இல்லை, குழந்தை அழுதால் எட்டவும் முடியாது. ஐந்து பேர் குடும்பமாக இருந்திருந்தால் அங்கேயே கையெழுத்துப் போட்டிருப்போம்.

கியூ7-இல் கைக்குழந்தை நடுவில், மகன் ஒரு ஜன்னல், நடைபாதைப் பக்கக் கதவோரம் மனைவி. அவர் இறங்கி சீட்டை முன்னால் மடித்தால் மகள் உள்ளே போய்விடுகிறாள், சாலைப் பக்கம் இறங்க வேண்டியதே இல்லை. இரண்டு பிள்ளைகளும் மனைவியின் கைக்கு எட்டும் தூரம். பின்நோக்கிய சீட் நடுவில் இருப்பதால் என் சீட்டையும் அம்மா சீட்டையும் முன்னால் இழுக்க வேண்டியிருக்கவில்லை, இது நான் எதிர்பார்க்காத லாபம். அம்மா மூன்று தடவை ஏறி இறங்கிப் பார்த்தார், கைப்பிடியைக்கூடத் தொடவில்லை. நீளத்துக்குப் பயந்தேன், பின்சக்கரமும் திரும்பும் ஆப்ஷன் உள்ள வண்டியைக் கொடுத்தார்கள், குறுகிய இடத்தில் ஐந்து டிகிரி வரை எதிர்ப்பக்கம் திரும்புகிறது, நம் செடான் மாதிரியே வளைகிறது. அதையும் ஏர் சஸ்பென்ஷனையும் சேர்த்து, ரிம் மட்டும் 19 அங்குலத்திலேயே கேட்டிருக்கிறோம். பிளக்-இன் இல்லை, அதை விட்டுக்கொடுத்தோம்.

ஒரே குறை டிக்கி. ஏழு சீட்டும் நிமிர்ந்திருந்தால் 300 லிட்டருக்குள்தான், எங்கள் ஸ்ட்ரோலர் போகவில்லை. மகளுக்குப் பக்கத்து சீட் காலிதானே, அதை மட்டும் மடித்தோம், போய்விட்டது.

பழையமெக்கானிக்:
நல்லது தம்பி. அந்த ஸ்ட்ரோலரை மகள் பக்கத்தில் சும்மா வைக்காதீர்கள், டிக்கியில் உள்ள கொக்கியில் பட்டை போட்டுக் கட்டுங்கள். பிரேக் பிடித்தால் அது அவள்மேல்தான் வந்து விழும்.

மூவரின்அப்பா:
சரி அண்ணா, இன்றைக்கே பட்டை வாங்கிவிடுகிறேன்.