பழங்கதை கதைக்க விட்டால் வயசானவையின்ர மனச்சோர்வு குறையுமோ? உங்கட வீட்டில நடந்ததைச் சொல்லுங்கோ

கொட்டிலடி:
அம்மா போய் ஏழு மாசம். அப்பாக்கு 83. சாப்பாடு இல்லை, கதை இல்லை, சாய்மனைக் கதிரையில சுவரைப் பார்த்தபடி கிடப்பார். கிளினிக்கில மாத்திரையும் தந்து, "பழசுகளைக் கதைக்க விடுங்கோ" எண்டும் சொன்னவை. கேட்டால், "என்னத்தைக் கதைக்கிறது" எண்டிட்டார். போன கிழமை சந்தையில புகையிலை வாங்கி மடியில வைச்சன். சின்ன வயசில சுருட்டுக் கொட்டிலில நிண்ட மனிசன். மணந்து பாத்தார். பிறகு விரல் தன்பாட்டில நடு நரம்பைக் கிழிக்கத் தொடங்கிச்சு. கண் இலையில இல்லை. "பேப்பர் வாசிக்கிற பெடியன் இண்டைக்கு வரேல்லையோ?" எண்டார். அந்தக் காலத்துக் கொட்டிலில ஒருத்தர் பேப்பரை உரத்து வாசிக்க மற்றவை சுருட்டுச் சுத்துறது தெரியும்தானே. நான் பேப்பரை எடுத்து மரண அறிவித்தல் வரைக்கும் வாசிச்சன். ஞாபகம் வந்ததோ, ஆள் தடுமாறினதோ எண்டு இன்னும் எனக்கு விளங்கேல்லை.

தென்மராட்சியாள்:
அண்ணை குறை நினைக்காதேங்கோ, எல்லாருக்கும் உது சரிவராது. மாமிக்குப் படம் காட்டித்தான் கதை கேட்டனான். கலியாணப் படம், யாழ்தேவி ரயிலில கொழும்பு போனது, எல்லாம் சிரிச்சுச் சிரிச்சுச் சொன்னா. அடுத்த படத்தில அவவின்ர தாய். 1995 ஒக்டோபர் 30, சண்டைக்குப் பயந்து யாழ்ப்பாணச் சனமெல்லாம் இடம்பெயர்ந்த இரவு, மழை, நாவற்குழிப் பாலம். நடக்கேலாத தாயை ஆரோ ஒருத்தற்ற சைக்கிளில ஏத்திவிட்டது, பேந்து காணாதது. படத்தைக் கவிட்டு வைச்சிட்டு, "ஏன் பிள்ளை கேட்டனீ?" எண்டா. நாலு இரவு நித்திரை இல்லை.

பென்சன் மிஸி:
தங்கச்சி, அதுக்காக முறையைப் பிழை சொல்லப்படாது. 1963இல ரொபேர்ட் பட்லர் எண்ட அமெரிக்க மனநல மருத்துவர் இதைப்பற்றி எழுதேக்கையே, திரும்பிப் பாக்கிறது சிலரைக் குற்ற உணர்ச்சியில தள்ளும் எண்டும் எழுதினவர். நல்லதுகளைச் சும்மா நினைச்சுக் கதைக்கிறது ஒண்டு. பிறந்ததில இருந்து இண்டைவரைக்கும், கெட்டதையும் சேர்த்து ஒழுங்காய்ப் பாக்கிறது வேற. ரெண்டாவதைப் பழகின ஆளில்லாமல் வீட்டில தொடங்காதேங்கோ. "ஞாபகமிருக்கோ?" எண்டு சோதினை வைக்காதேங்கோ. சுளகோ, சண்டைக் காலத்து ஜாம்போத்தல் விளக்கோ, பொருளைக் கையில குடுத்திட்டுச் சும்மா இருங்கோ. கிழமைக்கு ஒருக்கா அரை மணித்தியாலம் காணும். அழுதால் கதையை மாத்தாதேங்கோ, பக்கத்தில இருங்கோ. மாத்திரையை நிப்பாட்டாதேங்கோ. கொட்டிலடி, இடம் காலம் தடுமாறுறார் எண்டால் அது வேற வருத்தமாயும் இருக்கலாம், கெதியாய்த் திரும்பக் காட்டுங்கோ. என்ர அம்மாக்கு நான் இதொண்டும் செய்யேல்லை. அப்ப ஆஸ்பத்திரியில டியூட்டி.

தென்மராட்சியாள்:
அவ அழேல்லை மிஸி. அதுதான் எனக்குப் பயம்.

கொட்டிலடி:
காட்டுறன் மிஸி. நேற்றும் இலை குடுத்தன். விரிச்சுப் பாத்திட்டு, "ஆரடா உனக்கு இந்தக் குப்பையை வித்தவன்?" எண்டு ஏசினார். பேந்து கதிரையில சாய்ஞ்சுகொண்டு, "இண்டைக்கு ஆர் செத்தது, வாசி" எண்டார்.